அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். அண்மையில் பள்ளியில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி என்று சொல்லி, வீட்டில் வீணாகும் பொருள்களில் ஏதாவது செய்து அனுப்பச் சொன்னார்கள். நள்ளிரவு வரை உட்கார்ந்து பிளாஸ்டிக் பாட்டிலில் நான் ஒரு ராக்கெட் செய்தேன். முதல் பரிசு கிடைத்தது. உடைத்துவிடுவான் என்பதால் அதை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். அந்த உற்சாகத்தில் வீடியோக்களைப் பார்த்து யானை, குடிசை, விரல் பொம்மை என்று நிறையச் செய்து கொடுத்தேன். ஐந்து நிமிடம் பார்க்கிறான், பிய்த்துப் போடுகிறான், பிறகு போன் வேண்டும் என்று அழுகிறான். ஆனால் காலி மாவு டப்பாவும் கரண்டியும் கிடைத்தால் தனக்குத் தானே பேசிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்குக் கற்பனைத் திறன் குறைவா? எந்தப் பொருள்களைக் கொடுக்கலாம், எவற்றைக் கொடுக்கக் கூடாது? இளையவளுக்கு ஒன்றரை வயது, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறாள். மாமியாரோ வீடு குப்பைமேடாகிவிட்டது என்கிறார்.

— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்குக் கற்பனைக் குறைவு எதுவும் இல்லை. ஒரு காலி டப்பாவோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை, இந்த வயதுக்குரிய வேலையை மிக நன்றாகச் செய்துகொண்டிருக்கிறான். அந்த டப்பாவுக்குள் என்ன வேகிறது, யாருக்குப் பரிமாறுகிறான், யாரை அதட்டுகிறான் என்று ஒருநாள் அடுத்த அறையில் இருந்தபடி காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் குரலும் மாமியாரின் குரலும் அதில் இருக்கும். “ஆண்பிள்ளைக்கு என்ன சமையல்” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தன் வீட்டில் நாள்தோறும் நடக்கும் மிக முக்கியமான வேலையைத்தான் அவன் ஆடிப் பார்க்கிறான்.

நீங்கள் பாடுபட்டுச் செய்த யானையை ஏன் பிய்க்கிறான் என்பதற்கு வருகிறேன். அந்த யானையில் அவன் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தும்பிக்கை எங்கே, காது எவ்வளவு பெரியது, கண்ணுக்கு எந்தப் பொத்தான் என்று எல்லா முடிவுகளையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள். அதன் மேல் ஏற முடியாது, அதற்குத் தீனி போட முடியாது, இழுத்தால் தும்பிக்கை கழன்று வரும். அவனால் செய்யக்கூடியதாக மிஞ்சியது பிரித்துப் பார்ப்பது ஒன்றுதான், அதைச் செய்கிறான். மாவு டப்பா இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. அது குக்கராகலாம், மேளமாகலாம், பெட்ரோல் டேங்க் ஆகலாம். என்ன ஆக வேண்டும் என்று தீர்மானிப்பவன் அவன்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933இல் குழந்தை விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் இதை நுட்பமாக விளக்கினார். பிள்ளை ஒரு குச்சியைக் காலிடையில் வைத்து ஓடும்போது குச்சி குதிரையாகிறது. கண்ணுக்குத் தெரிவது குச்சி, மனம் இயங்குவது குதிரையின்படி. கண்முன் இருக்கும் பொருளிலிருந்து எண்ணம் விடுபடப் பழகும் இடம் அது. பின்னாளில் ‘அ’ என்ற வடிவத்தை ஒலியாகவும், 5 என்ற குறியை ஐந்து மாங்காயாகவும் மனம் ஏற்றுக்கொள்வதற்கான அடித்தளமும் அங்கேதான் விழுகிறது. அதே உரையில் அவர் இன்னொன்றும் சொன்னார்: ஒரு தபால் அட்டை குழந்தைக்குக் குதிரையாகாது. ஏனென்றால் அதன் மேல் ஏறி ஓட முடியாது. பொருள் குதிரையைப் போலத் தோன்ற வேண்டியதில்லை, குதிரையை வைத்துச் செய்யும் செயலுக்கு அது இடம் கொடுத்தால் போதும்.

நம் மண்ணுக்கும் இது புதிதில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். அந்தத் தேருக்குக் குதிரை கிடையாது என்று புலவர் கவனமாகச் சொல்கிறார். குதிரையைச் சிறுவர்கள் மனத்தில் பூட்டிக்கொள்கிறார்கள். உங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் நுங்கு தின்று மிஞ்சிய பனங்காய் ஓட்டில் வண்டி ஓட்டியதும், இரண்டு தீப்பெட்டிகளை நூலால் இணைத்து டெலிபோன் பேசியதும் இதே வழியில்தான். அவற்றைச் செய்ய நாலைந்து நிமிடம் போதும், ஆட்டமோ பொழுது சாயும் வரை நடக்கும். இன்று நாம் செய்யும் கைவேலைகளில் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிட்டது. தாய் மூன்று மணி நேரம் செய்கிறார், பிள்ளை ஐந்து நிமிடம் விளையாடுகிறான்.

ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது ‘இது எதைப் போல இருக்கிறது’ என்று பார்க்காதீர்கள், ‘இதை வைத்து என்னென்ன செய்யலாம்’ என்று பாருங்கள். உள்ளே நுழைய முடியுமா, திறந்து மூட முடியுமா, தலையில் போட, இழுக்க, ஊற்ற, அடுக்க முடியுமா? இந்தக் கேள்விகளில் பெரிய அட்டைப்பெட்டியை வெல்ல வேறு பொருள் இல்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் உள்ள தேசிய பொம்மைப் புகழ்க்கூடம் 2005இல் அட்டைப்பெட்டியையும் 2008இல் வெறும் குச்சியையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மிக்ஸி, மின்விசிறி வந்த பெட்டிகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ஒரு வாரம் அவனிடம் கொடுங்கள். பெட்டியில் குத்தியிருக்கும் கம்பி ஊசிகளைப் பிடுங்கிவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று அவனே கேட்டால், எந்த இடத்தில் என்று அவன் விரலால் காட்டட்டும், கத்தியை நீங்கள் பிடியுங்கள். உங்கள் பங்கு அத்தோடு முடிகிறது. அந்த ஜன்னல் டிக்கெட் கவுன்ட்டரா, இட்லிக் கடையா, ரேஷன் கடையா என்பது அவன் பாடு.

உங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. நூல் சுற்றி வரும் காகிதக் கோன்கள் காலியானதும் எவ்வளவு சேர்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் யாரிடமாவது பத்து கோன் கேட்டு வாங்குங்கள். நான்கு வயதுக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. கவிழ்த்தால் கோபுரம், வாயில் வைத்தால் ஒலிபெருக்கி, தலையில் வைத்தால் கிரீடம், அடுக்கினால் உயரும், உதைத்தால் உருளும், கையில் பிடித்தால் ஐஸ்கிரீம். கட்டிங் வேஸ்ட் துணியும் அப்படித்தான். ஒரு கைப்பிடி பனியன் துண்டுகள் சோறாகும், தண்ணீராகும், காயத்துக்குக் கட்டாகும். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டு துணுக்குகளைச் சேகரித்து மழலையர் பள்ளிகளுக்குக் கொடுக்க ‘ரெமிடா’ என்ற மையத்தை 1996இல் தொடங்கினார்கள். உலகெங்கிலுமிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். திருப்பூரில் அப்படி ஒரு மையம் இருந்தால் எத்தனை அங்கன்வாடிகள் பயன்பெறும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வீட்டுக்குள்ளேயே கிடைப்பவை: பழைய கல்யாணப் பத்திரிகைகள் (கெட்டியான அட்டை, தங்க எழுத்து, பிள்ளைகளுக்கு உயிர்), ஆண்டு முடிந்த தினசரி காலண்டரின் அட்டையும் கிழித்த தாள்களும், பற்பசைப் பெட்டிகள், ஊதுபத்திப் பெட்டிகள், ஓரம் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி, மூடியோடு கூடிய பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள், துணி கிளிப்புகள், ஒரு பழைய பருத்திச் சேலை. சேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாற்காலிகளுக்கு மேல் போட்டால் வீடு, தரையில் விரித்தால் ஆறு, முதுகில் தொங்கவிட்டால் அரசன். கழுத்தில் மட்டும் முடிச்சுப் போடக் கூடாது. தோளில் சட்டையோடு கிளிப் போட்டுவிடுங்கள், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் சின்னஞ்சிறு குழந்தைகளை நான்கு பொம்மைகளோடும், வேறொரு வேளையில் பதினாறு பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரமும் அதிக வகைகளிலும் விளையாடினார்கள். அவர்கள் உங்கள் மகனைவிட இளையவர்கள். ஆனாலும் அந்த முடிவு நான்கு வயதிலும் பொருந்துவதை வகுப்பறையில் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, நான்கு கோன், ஒரு துணி என்ற அளவு போதும்.

கைவேலையும் வேண்டும், நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் ஆட்டத்துக்குத் தேவைப்படும்போது கைவேலை வரட்டும். பஸ் ஓட்டுகிறவனுக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டால் காலண்டர் தாளைக் கிழிப்பான். கிழிப்பதே விரல்களுக்கு நல்ல பயிற்சி. மூன்று வயதில் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்குவார்கள், நான்கு வயதில் ஒரு கோட்டையொட்டி வெட்ட முயல்வார்கள். வட்டம் வளைந்துதான் வரும், திருத்த வேண்டாம். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சிக் கொடுங்கள், அல்லது நம் பாட்டிமார் செய்ததுபோல நாலு பருக்கைச் சோற்றைத் தாளில் வைத்து நசுக்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டு பொருள்களை இணைப்பதுதான் இந்த வயதில் பெரிய சிக்கல். அங்கே மட்டும் கைகொடுங்கள். நான் பழகிய பிள்ளைகளில் பெரும்பாலோர் விளையாட்டைக் கைவிடுவது ஒட்டியது கழன்று விழும்போதுதான்.

அரவிந்த் குப்தாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கழிவுப் பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் கற்பிப்பதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பொம்மைகளை என் தொழிலில் இருக்கும் யாவரும் வணங்குகிறோம். ஆனால் அவற்றில் பல, காரணகாரியம் கேட்கத் தொடங்கிய பெரிய பிள்ளைகளுக்கானவை. நான்கு வயதில் அவற்றைச் செய்ய முயன்றால் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருங்கள்.

ஆபத்துகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தை அதே வீட்டில் இருப்பதால் இதை மிகக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று பொருள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிதாக இருப்பதும் ஆபத்துதான் என்று புரிந்துகொள்ளுங்கள். கோலி, பந்து போன்ற உருண்டைகள் நான்கரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சின்னவள் இருக்கும் அறையிலேயே வேண்டாம். பாட்டில் மூடி, பொத்தான், புளியங்கொட்டை, பாசிமணி, ரப்பர் பேண்ட் ஆகியவற்றை வைத்து உங்கள் மகன் விளையாடலாம், ஆனால் மேசை மேல், அவள் தூங்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் எப்போதும் கூடாதவை சில உண்டு. வெடித்த பலூன் துண்டு தொண்டையை அடைக்கும். பழைய ரிமோட், பேசும் பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரி விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சிறு காந்தங்கள் இரண்டு உள்ளே போனால் குடலை நடுவில் வைத்து நெரிக்கும். பினாயில், ஆசிட், பூச்சிமருந்து, கொசுவிரட்டி இருந்த பாட்டில்களை எவ்வளவு கழுவினாலும் தராதீர்கள். அந்தப் பாட்டில் விளையாட்டுச் சாமான் என்று பிள்ளை ஒருமுறை கற்றுக்கொண்டால், நிரம்பிய பாட்டிலையும் ஒருநாள் திறப்பான். மாத்திரை அட்டைகளுக்கும் இதே காரணம். தெர்மோகோல் உதிர்ந்து மூக்கிலும் காதிலும் போகும். மெல்லிய பாலித்தீன் பைகள் உங்கள் ஊரில் துணி மடிக்கும் வீடுகளில் எங்கும் கிடக்கும். அவை முகத்தில் ஒட்டினால் மூச்சு நிற்கும், உயரத்தில் பூட்டி வையுங்கள். டின்களின் வெட்டு விளிம்பு, உடைந்த கண்ணாடி வளையல், பழைய குழல்விளக்கு, இவற்றை நான் சொல்லாமலே தவிர்ப்பீர்கள்.

இனி, நீங்கள் என்ன பேச வேண்டும் என்பது. பிள்ளை எதையாவது வைத்துக்கொண்டு வந்தால் நாம் உடனே கேட்பது “இது என்ன?” என்பது. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறோம். ஆனால் அவனிடம் இன்னும் பதில் தயாராக இருக்காது, அல்லது ஒரே நேரத்தில் அது இரண்டு மூன்றாக இருக்கும். கண்ணில் படுவதை அப்படியே சொல்லுங்கள்: “இந்தக் கோன் மேல் இன்னொரு கோன் நிற்கிறதே.” பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கதை தானாக வரும். ஆட்டத்துக்குள் உங்களை அழைத்தால் அவன் கொடுக்கும் வேடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பயணியாகவோ நோயாளியாகவோ. ஆட்டம் தேங்கி நின்றால் விடை கொடுக்காதீர்கள், ஒரு சிக்கலைக் கொடுங்கள். “கண்டக்டர், என்னிடம் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது, சில்லறை இல்லை” என்றால் போதும், இன்னும் கால் மணி நேரம் ஓடும்.

கற்பனைக்கு முதலீடு அனுபவம்தான். காணாத ராக்கெட்டைவிடக் கண்ட பஸ்ஸை வைத்துத்தான் நான்கு வயதுப் பிள்ளை நீண்ட நேரம் விளையாடும். தையல்கடைக்கோ தபால் நிலையத்துக்கோ போகும்போது அவனையும் கூட்டிப்போய் அங்கே நடப்பதைப் பார்க்கவிடுங்கள். டெய்லர் அளவெடுப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் வீட்டில் ஒருவர்கூட அளவெடுபடாமல் தப்ப முடியாது.

பரிசு, பாராட்டு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1973இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய கூட்டாளிகளும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆசையாகப் படம் வரையும் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள்கள் கழித்து, பரிசு ஏதும் இல்லாமல் அதே பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். “அட்டையில் ஏதாவது செய், போன் தருகிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் அட்டையை வேலையாகவும் போனைச் சம்பளமாகவும் ஆக்கிவிடும். இரண்டையும் இணைக்காமல் தனித்தனியாக வையுங்கள். இந்த வயதுக்குத் திரைநேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. குறிப்பிட்ட வேளையில் கொடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். போன் போனவுடன் வரும் சிணுங்கலுக்குப் பயப்படாதீர்கள். அந்தச் சலிப்பைக் கடந்துதான் பிள்ளை பெட்டியிடம் வருகிறது. ராக்கெட்டையும் அவனிடமே கொடுத்துவிடுங்கள். உடைந்தால் பாட்டிலும் மூடியும் அட்டையுமாக மூன்று புதிய பொருள்கள் கிடைக்கும். மூடியை மட்டும் சின்னவள் கையில் சிக்கும் முன் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டி அறிவிப்பு வரும்போது, அவன் செய்ததையே அனுப்புங்கள். கோணலாக இருக்கட்டும். அதைப் பற்றி அவன் சொன்ன கதையை அவன் வார்த்தைகளிலேயே ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஆசிரியைக்கு அந்தத் தாளிலிருந்து பிள்ளையைப் பற்றித் தெரியவரும் அளவுக்கு எந்த ராக்கெட்டிலிருந்தும் தெரியவராது. பரிசு கிடைக்காமல் போகலாம், அதைத் தாங்க வேண்டியவர் நீங்கள்தான். பெற்றோர் கூட்டத்தில் வாய்ப்புக் கிடைத்தால், இந்த வேலையை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே பிள்ளைகளைச் செய்யவிடலாமே என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்களைப்போல நள்ளிரவில் பசையோடு போராடும் தாய்மார்கள் உடனே ஆமோதிப்பார்கள்.

உங்கள் மாமியாரின் குறையில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். வீடெங்கும் சாமான் சிதறிக்கிடந்தால் பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள், கரப்பான் சேரும். உணவு ஒட்டிய எதையும் சேர்க்காமல், கழுவி வெயிலில் காய்ந்ததை மட்டும் ஒரே ஒரு பெட்டியில் போடுங்கள். பெட்டி நிரம்பிவிட்டால் புதிது ஒன்று உள்ளே வர, பழையது ஒன்று வெளியேற வேண்டும். எது போக வேண்டும் என்று உங்கள் மகன் சொல்லட்டும். பிரிக்க மனமில்லாத வீடு, கடை ஏதாவது இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிரியுங்கள். தென்னங்கீற்றில் கைக்கடிகாரமும் பூவரச இலையில் பீப்பியும் செய்ய மாமியாருக்குத் தெரிந்திருக்கும், உங்கள் மகனுக்குச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவையும் கழிவில் பிறந்தவைதான், ஓரிரு நாளில் வாடியதும் செடிக்கு எருவாகப் போட்டுவிடலாம்.